எஸ்பிரெசோவின் இருவகைப் புளிப்பு

சென்னையில் தனியொருவர் நடத்தும் சிறிய காபி பாரில், ஏற்காட்டுத் தோட்டமொன்றின் எஸ்.795 என்னும் ரகக் கொட்டையில் போட்ட எஸ்பிரெசோவை (உயரழுத்தத்தில் வெந்நீரைச் செலுத்தி இறக்கும் கெட்டிக் காபியை) குடித்ததாகவும், பையின் மேல் ஆரஞ்சு, வெல்லம், உலர்திராட்சை என்று எழுதியிருந்தும் நாவில் பட்டது வெறும் பச்சைப் புளிப்புதான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கொட்டை கெட்டதா, போட்டவரின் கைப்பிசகா, இல்லை இந்த வகைக் காபியே இப்படித்தானா என்று கேட்கிறீர்கள். அதே கொட்டையை வாங்கிவந்து வீட்டு ஃபில்டரில் போடலாமா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி.

கொட்டை கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வறுத்து நாளான கொட்டை புளிக்காது. மணம் போய்ச் சப்பென்று ஆகி, நனைந்த அட்டைப்பெட்டியின் வாடையைத் தரும். எனவே எஞ்சுவது இரண்டு வாய்ப்புகள். ஒன்று, கொட்டைக்கு இயல்பாகவே உள்ள பழப்புளிப்பு. மற்றொன்று, சாரம் முழுமையாக இறங்காததால் வந்த புளிப்பு. நாவில் முதலில் படும்போது இவை இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் பிறக்கும் இடம் வேறு, தீர்வும் வேறு. நீங்கள் விவரித்திருப்பதை வைத்துப் பார்த்தால் இரண்டாவதுதான் நடந்திருக்கிறது என்று கருதுகிறேன். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

வறுத்த காபித்தூளின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடுதான் நீரில் கரையக்கூடியது, மற்றதெல்லாம் நார். அந்த 30-ஐயும் முழுவதுமாக இறக்கிவிடக் கூடாது. தூளின் எடையில் 18 முதல் 22 விழுக்காடு வரை நீரில் இறங்கினால் சுவை சமனாக அமைகிறது என்பது 1950-களில் அமெரிக்காவில் எர்னஸ்ட் லாக்ஹார்ட் நடத்திய ஆய்வுகளிலிருந்து இன்றுவரை கைக்கொள்ளப்படும் அளவுகோல். சாரத்தில் உள்ளவை எல்லாம் ஒரே நேரத்தில் இறங்குவதும் இல்லை. அமிலங்களும் பழமணம் தரும் நுண்பொருட்களும் முதலில் கரைந்து வந்துவிடும். வறுக்கும்போது உண்டான வெல்லம், கேரமல் போன்ற இனிப்புச் சுவைகள் அவற்றைத் தொடர்ந்து வரும். கசப்பும் துவர்ப்பும் மிகுந்தவை கடைசியில் வரும். பாதி வழியில் நின்றுவிட்ட காபியில் அமிலம் வந்துசேர்ந்திருக்கும், அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய இனிப்பு வந்திருக்காது. பையில் எழுதியிருந்த ஆரஞ்சு உங்கள் கோப்பைக்கு வந்ததும், வெல்லமும் உலர்திராட்சையும் தூளிலேயே தங்கிவிட்டதும் பெரும்பாலும் இப்படித்தான் நிகழ்ந்திருக்கும்.

இதைக் கண்கூடாகப் பார்க்கவும் வழி உண்டு. கூட்டம் இல்லாத நேரத்தில் சென்று, ஒரே ஷாட்டை, அதாவது ஒருமுறை இறக்கும் எஸ்பிரெசோவை, மூன்று சிறு கோப்பைகளில் அடுத்தடுத்துப் பிடித்துத் தரும்படி, அங்கே காபி போடும் பரிஸ்டாவிடம் கேளுங்கள். முதல் கோப்பையில் விழுவது கெட்டியாகவும், புளிப்பும் ஓரளவு உப்புக்கரிப்பும் கலந்ததாகவும் இருக்கும், இரண்டாவது இனிக்கும், மூன்றாவது நிறம் வெளிறி, நீர்த்து, கசக்கும். மூன்றையும் ஒன்றாகக் கலந்து குடித்தால் எதுவும் தனித்து நிற்காது. எஸ்பிரெசோவைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படிப்பதைவிட இந்த ஒரு சோதனை கூடுதலாகக் கற்றுத்தரும்.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். தாள்வடிகட்டியில் ஊற்றி இறக்கும் காபியில் கரைந்திருக்கும் பொருள் ஏறத்தாழ 1.2 முதல் 1.5 விழுக்காடு; எஸ்பிரெசோவில் அது 8 முதல் 12 விழுக்காடு வரை போகும். நீர்த்த காபியில் கமலாச்சுளை போல இதமாகத் தெரியும் அதே அமிலம் எஸ்பிரெசோவில் ஆறேழு மடங்கு அடர்ந்து நிற்கிறது. சிறு பிழையும் பெரிதாகத் தெரிவதற்கு இந்த அடர்த்தியே காரணம்.

இந்த இயந்திரம் எந்தக் காபிக்காக உருவானது என்பதை அறிந்துகொண்டால் சிக்கலின் வேர் புரியும். மிலானைச் சேர்ந்த லூயிஜி பெஸேரா 1901-இல் காப்புரிமை கோரிய இயந்திரம் நீராவியின் அழுத்தத்தில் இயங்கியது. அந்த அழுத்தம் ஒன்றரை பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தம்) அளவுக்குத்தான் எட்டும். அதே நகரின் அக்கிலே காஜியா, நெம்புகோலால் இயங்கும் உந்துதண்டைக் கொண்டு உயரழுத்தத்தில் நீரைச் செலுத்தும் இயந்திரத்தை இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1948-இல் சந்தைக்குக் கொண்டுவந்தபோதுதான், மேலே கிரீமா என்னும் பொன்னிற நுரை படிந்த இன்றைய எஸ்பிரெசோ பிறந்தது. 1961-இல் வந்த ஃபயேமா நிறுவனத்தின் ஈ61 இயந்திரம் அந்த வேலையை மின்பம்பிடம் ஒப்படைத்து, ஏறத்தாழ 9 பார் என்னும் சீரான அழுத்தத்தை நிலைநிறுத்தியது. இவை அனைத்தும் உருவான காலத்தில் இத்தாலியக் கடைகளில் புழங்கியது பல நாட்டுக் கொட்டைகளைக் கலந்து, நன்கு கருக்க வறுத்த தூள். கிரீமா கெட்டியாக நிற்பதற்காகவும், காபிக்குக் கனம் சேர்ப்பதற்காகவும், விலை கட்டுப்படியாவதற்காகவும் அதில் ரொபஸ்டா என்னும் காபி இனத்தின் கொட்டையைச் சேர்த்தார்கள். அந்த ரொபஸ்டாவில் நம் பங்கு சிறிதன்று. குடகிலும் வயநாட்டிலும் விளையும் இந்திய ரொபஸ்டாவை இத்தாலிய வறுவலகங்கள் நெடுங்காலமாக விரும்பி வாங்கிவருகின்றன. இந்தியக் காபி மிகுதியாகச் சென்றுசேரும் நாடுகளில் இத்தாலி முன்னணியில் நிற்கிறது.

கருக்க வறுத்த கொட்டை உப்பி, நுண்துளைகள் நிறைந்து, நீர் பட்டதும் சாரத்தை எளிதில் விட்டுவிடும். அமிலங்களில் பெரும்பகுதி வறுவலிலேயே சிதைந்துபோயிருக்கும். ஆகவே 7 கிராம் தூளில் 25 வினாடியில் 25 மில்லிலிட்டர் என்னும் இத்தாலிய வழக்கம் அதற்குச் சரியாகப் பொருந்தியது. நீங்கள் குடித்தது அந்த வகை அன்று. ஸ்பெஷாலிட்டி காபியை வறுப்பவர்கள், கொட்டை வெடிக்கும் முதல் ஓசை வந்த சற்று நேரத்திலேயே வறுவலை நிறுத்திவிடுகிறார்கள். விளைந்த நிலமும் ரகமும் பக்குவம் செய்த முறையும் கருகிப்போகாமல் கோப்பைவரை வர வேண்டும் என்பதே நோக்கம். அத்தகைய கொட்டை கல்போல இறுகியிருக்கும். சாரத்தை எளிதில் விடாது. அமிலமும் அதில் குறையாமல் இருக்கும். கருவறுவலுக்காகப் பிறந்த இயந்திரத்தில் இளவறுவல் கொட்டையைப் போட்டு, பழைய அளவுகளிலேயே பிடித்தால் புளிப்பைத் தவிர வேறெதையும் எதிர்பார்க்க முடியாது.

கொட்டையைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஸ்பெஷாலிட்டி காபி என்னும் தொடரை எர்னா நுட்சென் என்னும் அமெரிக்கக் காபி வணிகர் 1974-இல் ஒரு வணிக இதழுக்கு அளித்த பேட்டியில் பயன்படுத்தினார். குறிப்பிட்ட நிலமும் தட்பவெப்பமும் தரும் தனித்த சுவையுடைய கொட்டைகளை அவர் அப்படிக் குறித்தார். பின்னர் வந்த வழக்கத்தில், பயிற்சி பெற்ற சுவைஞர்கள் நூற்றுக்கு 80-க்குக் குறையாமல் மதிப்பெண் அளித்த, முதன்மைக் குறைகள் ஏதும் இல்லாத கொட்டை என்று அதற்கு வரையறை வகுத்தார்கள். நம் நாட்டில் இது மிகத் தாமதமாக வந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். 1942-ஆம் ஆண்டின் காபிச் சட்டத்தின்கீழ்த் தோட்டக்காரர்கள் தம் விளைச்சலைக் காபி வாரியத்தின் பொதுத்தொகுப்பில் சேர்த்தாக வேண்டியிருந்தது. பல தோட்டங்களின் விளைச்சல் தரவாரியாகப் பிரிக்கப்பட்டு ஒன்றாகக் கலந்துவிட்டதால் தோட்டத்தின் பெயர் அங்கேயே மறைந்துபோனது. 1990-களில் படிப்படியாகத் தளர்த்தப்பட்டு 1996-இல் அந்தக் கட்டாயம் முழுவதும் நீங்கிய பிறகுதான், ஒரு தோட்டம் தன் பெயரிலேயே தன் கொட்டையை வறுவலகத்துக்கு விற்கும் நிலை வந்தது. உங்கள் பையின் மேல் ஏற்காட்டுத் தோட்டத்தின் பெயர் அச்சாகியிருப்பது அந்த மாற்றத்தால்தான். சேர்வராயன் மலையில் 1820-களிலேயே காபி ஊன்றப்பட்டுவிட்டது என்பதை எண்ணும்போது, அந்த மலையின் பெயர் கோப்பைக்கு அருகே வந்துசேர இவ்வளவு காலம் ஆனது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

எஸ்.795 என்பது சிக்மகளூரை அடுத்த பாலேஹொன்னூர் ஆய்வு நிலையத்தில் உருவாகி 1940-களில் தோட்டங்களுக்கு வழங்கப்பட்ட அராபிகா ரகம். அதன் தாய்வழியில் லைபீரிகா என்னும் வேறொரு காபி இனத்தின் கலப்பும், தந்தைவழியில் கென்ட் என்னும் பழைய இந்திய ரகமும் உண்டு. எத்தியோப்பியக் கொட்டைகளைப் போலவோ கென்யக் கொட்டைகளைப் போலவோ கூர்மையாகப் புளிக்கும் ரகம் அன்று இது. நன்றாகப் பதப்படுத்தினால் இனிப்பும் கனமும் சமனாக அமையும், புளிப்பு பின்னால் நின்று துணைசெய்யும். உங்கள் கோப்பையில் புளிப்பு மட்டுமே இருந்தது என்றதும் நான் கொட்டையைவிட இயந்திரத்தின் பக்கம் பார்ப்பதற்கு இதுவே முதற்காரணம். பையில் ஆரஞ்சு என்று இருந்ததால் எதையோ கலந்திருக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். சுவைத்தவர் தாம் உணர்ந்ததற்கு அருகில் உள்ள பழத்தைச் சொல்கிறார், அவ்வளவே.

இனி, கடையில் என்ன நடந்திருக்கும் என்பதற்கு வருகிறேன். சங்கிலிக் கடைகளில் ஆண்டு முழுவதும் ஒரே கலவை, ஒரே வறுவல். பெரும்பாலான வேலையை இயந்திரமே பார்த்துக்கொள்ளும். தனிக்கடையில் சில வாரங்களுக்கு ஒருமுறை கொட்டை மாறும். கொட்டை மாறினால் அரைப்பின் நுண்மை, தூளின் எடை, இறங்கும் சாற்றின் எடை, நேரம் எல்லாம் மாறியாக வேண்டும். கொட்டை மாறாவிட்டாலும் நாள் மாறும்: வறுத்த கொட்டையிலிருந்து கரியமிலவாயு நாளுக்கு நாள் வெளியேறும், வாயு குறையக் குறைய நீர் தூளின் ஊடே விரைந்து ஓடும், நேற்றுச் சரியாக 28 வினாடியில் இறங்கிய ஷாட் அடுத்த வாரம் அதே அரைப்பில் 22 வினாடியில் இறங்கிவிடும். அதனால்தான் கடை திறந்ததும், முதல் வாடிக்கையாளர் வருவதற்கு முன், அதிரசப்பாகை நீரில் விட்டு உருட்டிப் பார்ப்பதுபோல மூன்று நான்கு ஷாட்டுகளைப் போட்டுக் குடித்துப் பதம் பார்த்துவிட்டு, சரியில்லாதவற்றைக் கொட்டிவிட வேண்டும். காபி பாரின் உண்மையான உழைப்பு இதுதான் என்பேன். பால்நுரையில் இலை வரைவது அதற்கு அப்புறம்தான். தோட்டத்தின் பெயரைப் பெரிதாக எழுதிவைத்துவிட்டுக் காலையில் அந்த நான்கு ஷாட்டுகளைச் செலவிடத் தயங்கும் கடை, அந்தத் தோட்டத்தில் பழுத்த பழத்தை மட்டும் தேர்ந்து பறித்தவர்களின் உழைப்பை வீணாக்குகிறது.

பதம் பார்ப்பது எப்படி நடக்கிறது என்பதையும் சொல்கிறேன். தொடக்கமாக 18 கிராம் தூளில் 36 கிராம் சாற்றை 25 முதல் 30 வினாடிக்குள் பிடிப்பார்கள். புளித்தால் அரைப்பை ஒரு படி நுண்மையாக்கலாம். நீர் மெதுவாக இறங்கி, கூடுதலாகச் சாரம் எடுக்கும். அல்லது அதே 18 கிராமில் 40, 45 கிராம் வரை சாற்றை நீட்டிப் பிடிக்கலாம். அடர்த்தி சற்றுக் குறைந்தாலும் இனிப்பு வந்துசேரும். நீரின் வெப்பத்தை 92 டிகிரியிலிருந்து 94, 95 டிகிரிக்கு ஏற்றுவதும் இளவறுவலுக்கு உதவும். இவற்றில் சாற்றை நீட்டிப் பிடிப்பதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். அரைப்பை நுண்மையாக்கிக்கொண்டே போனால் ஓர் எல்லைக்குப் பின் பயன் எதிர்மாறாகிவிடும். தூள் மிக நுண்மையானால் சில இடங்கள் அடைத்துக்கொள்ள, நீர் தனக்கு எளிதான வழியைத் துளைத்துக்கொண்டு அதன் வழியே மட்டும் பாயும். அந்த வழியில் உள்ள தூள் அளவுக்கு மீறிக் கரைந்து கசக்கும். மற்ற இடத்துத் தூள் நனைந்தும் சாரம் விடாமல் நிற்கும். 2020-இல் கிறிஸ்டோபர் ஹெண்டனும் அவருடன் பணியாற்றிய கணிதவியலாளர்களும் ‘மேட்டர்’ ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் கணக்கிட்டுக் காட்டியது: மிக நுண்ணிய அரைப்பில் சாரம் கூடுவதற்கு மாறாகக் குறைகிறது, ஒரே அளவுகளில் போட்ட ஷாட்டுகளும் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன, தூளைக் குறைத்துச் சற்றுக் கொரகொரப்பாக அரைத்தால் சீராக வருகிறது.

உங்கள் கோப்பையில் புளிப்போடு நாவை இழுக்கும் கசப்பும் சேர்ந்து இருந்ததா என்று நினைவுகூர்ந்து பாருங்கள். இருந்திருந்தால் தூளைச் சமமாகப் பரப்பாமல் அழுத்தியதால் நீர் ஓரிடத்தில் துளைத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. கசப்பே இல்லாமல் புளிப்பும் உப்புக்கரிப்பும் மட்டும் இருந்து, விழுங்கியதும் சுவை சட்டென்று மறைந்திருந்தால் சாரம் குறைவாக இறங்கியிருக்கிறது. இவை இரண்டும் இல்லாமல், புளிப்புக்குப் பின் இனிப்பு மெல்ல வந்து நாவில் நெடுநேரம் நின்றிருந்தால், குறிப்பாகக் கோப்பை ஆற ஆற அந்த இனிப்பு கூடியிருந்தால், அது கொட்டையின் இயல்பான புளிப்பு. அதில் பிழை ஏதும் இல்லை, உங்களுக்குப் பழக்கமில்லாத சுவை என்பது மட்டுமே. எஸ்பிரெசோவைக் கரண்டியால் நன்றாகக் கலக்கிவிட்டுக் குடிக்க வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கெட்டியான முதற்பகுதி அடியில் தங்கிவிடுவதால், கலக்காமல் குடிப்பவருக்கு ஒவ்வொரு மிடறும் வேறு சுவையாகத் தெரியும்.

பலரும் கவனிக்காத இன்னொரு காரணம் நீர். சென்னையின் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினமானது. அதை அப்படியே விட்டால் இயந்திரத்தின் கொதிகலனில் சுண்ணாம்பு படிந்துவிடும். அதற்கு அஞ்சிச் சில கடைகள் ஆர்.ஓ. நீரை மட்டுமே ஊற்றுகின்றன. அமிலத்தை மட்டுப்படுத்துவது நீரில் உள்ள பைகார்பனேட். ஆர்.ஓ. அதையும் ஏறக்குறைய முழுவதுமாக நீக்கிவிடுவதால் காபியின் அமிலம் தடையின்றி நாவில் பாய்கிறது. ஸ்பெஷாலிட்டி காபி சங்கம் பரிந்துரைக்கும் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 150 மில்லிகிராம் கரைபொருளும், 40 மில்லிகிராம் அளவுக்குக் காரத்தன்மையும் இருக்க வேண்டும். நன்கு நடக்கும் கடைகள் ஆர்.ஓ. நீரில் கனிமங்களைத் திரும்பச் சேர்க்கின்றன, அல்லது வடிகட்டிய குழாய்நீரை ஒரு பங்கு கலக்கின்றன. அரைப்பை எவ்வளவு திருத்தியும் புளிப்பு குறையவில்லை என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால், நீரைச் சோதித்துப் பாருங்கள் என்றுதான் நான் முதலில் சொல்வேன்.

ஆகவே மறுபடியும் அந்தக் கடைக்குப் போங்கள். வறுத்த நாள் என்ன என்று கேளுங்கள். இளவறுவல் எஸ்பிரெசோவுக்கு வறுத்து ஒரு வாரமாவது, முடிந்தால் இரண்டு வாரம் ஆன கொட்டை நல்லது. வறுத்த இரண்டாம் நாளே போட்டால் உள்ளே அடைபட்ட வாயு நீரைத் தூளோடு கலக்கவிடாமல் தடுத்து, அதுவும் புளிப்பில்தான் முடியும். எத்தனை கிராமில் எத்தனை கிராம் பிடித்தீர்கள் என்று கேட்பதும் மரியாதைக் குறைவு அன்று. தன் வேலையில் பற்றுள்ள பரிஸ்டா அந்தக் கேள்வியை விரும்புவார். புளிப்பு மிகுதியாக இருந்தது என்றால் அரைப்பை மாற்றி இன்னொரு கோப்பை போட்டுத் தருவார். முடிந்தால் அதே கொட்டையைத் தாள்வடிகட்டியிலும் இறக்கித் தரச் சொல்லி இரண்டையும் அடுத்தடுத்துக் குடியுங்கள். வடிகட்டியில் ஆரஞ்சும் வெல்லமும் தெரிந்து எஸ்பிரெசோவில் தெரியாவிட்டால், கொட்டையின் மீது பழி இல்லை என்பது உறுதியாகிவிடும்.

வீட்டு ஃபில்டரைப் பற்றிய கேள்விக்கு என் பதில்: தாராளமாகப் போடலாம், ஆனால் நீங்கள் பழகிய காபி அதில் வராது. நம் ஃபில்டர் காபிக்கான தூள் கூடுதலாக வறுத்தது; பெரும்பாலும் சிக்கரி கலந்தது. காபி-சிக்கரிக் கலவையில் 49 விழுக்காடு வரை சிக்கரி இருக்கச் சட்டமே இடம்தருகிறது. கறுப்பும் கெட்டியும் மிகுந்த அந்த டிகாக்ஷனுக்குப் பாலும் சர்க்கரையும் பொருந்திவருவதில் சிக்கரிக்கும் பங்கு உண்டு. சிக்கரி இல்லாத இளவறுவல் தூளில் இறங்கும் டிகாக்ஷன் நீர்த்துத் தெரியும். பால் சேர்த்தால் புளிப்பும் பாலும் ஒட்டாமல் நிற்கும், சற்றுப் பழைய பாலாக இருந்தால் திரிந்துபோகவும் கூடும். ஆகையால் அந்த வறுவலகத்திடம் அதே தோட்டத்தின் நடுத்தர வறுவல் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள். கடையில் அரைக்கச் சொல்வதானால் எஸ்பிரெசோவுக்கானதைவிடச் சற்றுக் கொரகொரப்பாக, தென்னிந்திய ஃபில்டருக்கு என்று சொல்லி அரையுங்கள். ஃபில்டரின் மேற்பாத்திரத்தை முதலில் வெந்நீரில் கழுவிச் சூடேற்றிவிட்டு, 20 கிராம் தூளை இட்டு, மேல்தட்டை அழுத்தாமல் வைத்து, கொதித்து இறங்கிய உடனேயே நீரை 100 மில்லிலிட்டர் அளவுக்கு இரு தவணையாக ஊற்றுங்கள். இந்த வறுவலுக்கு நீர் ஆறக் காத்திருந்தால் மறுபடியும் அதே அரைகுறைப் புளிப்புதான் கிடைக்கும். இறங்கிய டிகாக்ஷனை முதலில் பாலில்லாமல், ஒரு பங்குக்கு இரு பங்கு வெந்நீர் சேர்த்துக் குடித்துப் பாருங்கள். பாலோடுதான் வேண்டும் என்றால் பாலைக் குறைத்து, சர்க்கரை சேர்க்குமுன் ஒரு மிடறு குடித்துவிட்டு அளவை முடிவுசெய்யுங்கள்.